செப்சிஸும் உயிரணுக்களின் தன்னுண்ணலும்: கேள்வி பதில்

கேள்வி: ஆட்டோஃபேஜி என்ற சொல் விரதத்தைப் பற்றிய பேச்சில் அடிக்கடி வருகிறது, டாக்டர். கடுமையான தொற்றுக்கும் அதற்கும் என்ன தொடர்பு?

தன்னுண்ணல் என்று தமிழில் சொல்லப்படும் இச்செயல் விரதத்தின் போது மட்டும் நடப்பதன்று. நம் உயிரணுக்களில் எந்நேரமும் ஓரளவு நடந்துகொண்டே இருக்கிறது. பழுதடைந்த புரதங்களையும் உயிரணுவின் தேய்ந்துபோன நுண்ணுறுப்புகளையும் ஓர் இரட்டைச் சவ்வுப் பை சுற்றி வளைக்கிறது. அந்தப் பை, உயிரணுவின் செரிமானப் பையான லைசோசோமுடன் இணைந்ததும் உள்ளே இருப்பவை செரிக்கப்பட்டு, அமினோ அமிலம் போன்ற மூலப்பொருள்களாக உயிரணுவுக்கே திரும்பக் கிடைக்கின்றன. பெல்ஜிய அறிவியலாளர் கிறிஸ்டியான் டி டூவ் 1963இல் இதற்குப் பெயர் சூட்டினார். இதை இயக்கும் மரபணுக்களை ஈஸ்ட்டில் கண்டறிந்த ஜப்பானிய அறிவியலாளர் யோஷினோரி ஓசுமிக்கு 2016இல் நோபல் பரிசு கிடைத்தது.

செப்சிஸ் என்பது தொற்றுக்கு உடல் காட்டும் எதிர்வினை கட்டுப்பாடு இழந்து, அதனால் உறுப்புகள் உயிருக்கு ஆபத்தாகும் அளவுக்குச் செயலிழக்கும் நிலை. 2017இல் மட்டும் உலகில் ஏறத்தாழ 4.9 கோடிப் பேர் இதனால் பாதிக்கப்பட்டனர் என்றும் 1.1 கோடிப் பேர் இறந்தனர் என்றும் மதிப்பிடப்பட்டுள்ளது. பசி, ஆக்சிஜன் குறைவு, அழற்சி ஆகிய மூன்றும் ஒரே நேரத்தில் உயிரணுவைத் தாக்கும் இந்த நிலையில்தான் தன்னுண்ணலின் தேவை மிகவும் கூடுகிறது.

கேள்வி: நான் செவிலியர் மாணவி. தன்னுண்ணல் கிருமிகளையும் நேரடியாக அழிக்குமா, மேடம்?

அழிக்கும். உயிரணுவுக்குள் நுழைந்துவிட்ட பாக்டீரியாவின் மேல் யுபிக்விட்டின் என்ற சிறு புரதம் அடையாளமாக ஒட்டப்படுகிறது. பி62 போன்ற புரதங்கள் அந்த அடையாளத்தைப் பற்றிக்கொண்டு, கிருமியைச் சவ்வுப் பைக்குள் சேர்க்கின்றன. ஏ வகை ஸ்ட்ரெப்டோகாக்கஸும் காசநோய்க் கிருமியும் இவ்வழியில் ஒடுக்கப்படுவதை 2004இல் வெளிவந்த இரண்டு தனித்தனி ஆய்வுகள் காட்டின. கிருமிகளும் சும்மா இருப்பதில்லை. லிஜியோனெல்லா, பை உருவாகத் தேவையான எல்சி3 என்ற புரதத்தை மீண்டும் பயன்படுத்த முடியாதபடி வெட்டிவிடுகிறது. லிஸ்டீரியா தன் மேற்பரப்பைப் புரதங்களால் மூடி, அடையாளம் ஒட்டப்படாமல் தப்புகிறது.

கேள்வி: என் தந்தையார் சிறுநீரகத் தொற்றில் தொடங்கிய செப்சிஸால் காலமானார். கிருமி கட்டுப்பட்ட பிறகும் உறுப்புகள் ஒவ்வொன்றாகச் செயலிழந்தன என்றார்கள். உயிரணுக்கள் தம்மைத் தாமே அளவுக்கு மீறித் தின்றுவிட்டதுதான் காரணமா?

உங்கள் இழப்புக்கு என் ஆழ்ந்த வருத்தங்கள். உங்கள் தந்தையாருக்கு நடந்ததை அவருடைய பதிவேடுகளைப் பார்க்காமல் நான் சொல்ல இயலாது. ஆனால் நீங்கள் எழுப்பும் ஐயம் ஆய்வாளர்களிடமும் நெடுநாள் இருந்தது என்பதால் விரிவாகவே எழுதுகிறேன்.

செப்சிஸால் இறந்தோரின் இதயத்தையும் சிறுநீரகத்தையும் நுண்ணோக்கியில் ஆராய்ந்தபோது, அந்த உறுப்புகள் முற்றிலும் செயலிழந்திருந்த அளவுக்கு உயிரணுக்கள் மடிந்திருக்கவில்லை. பெரும்பாலானவை உயிரோடுதான் இருந்தன, வேலை செய்யவில்லை. இதற்கு ஒரு முக்கியக் காரணம் ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியா பழுதடைவது. பழுதடைந்த மைட்டோகாண்ட்ரியாவைப் பிங்க்1, பார்க்கின் என்ற புரதங்கள் அடையாளம் காட்ட, தன்னுண்ணல் அவற்றை அகற்ற வேண்டும். அகற்றப்படாமல் தங்கினால் அவற்றிலிருந்து கசியும் டிஎன்ஏவும் எளிதில் வினைபுரிந்து கேடு செய்யும் ஆக்சிஜன் மூலக்கூறுகளும் அழற்சியை மேலும் மூட்டிவிடுகின்றன. அந்த அழற்சி இன்னும் பல மைட்டோகாண்ட்ரியாவைக் கெடுக்கிறது. கிருமி போன பிறகும் நோய் தொடர்வதற்கு இந்தச் சுழல் ஒரு விளக்கம்.

இனி உங்கள் கேள்விக்கு வருகிறேன். செப்சிஸ் நோயாளிகளின் கல்லீரலில் சவ்வுப் பைகள் மிகுந்திருப்பதைக் கண்டு, தன்னுண்ணல் மிகையாகிவிட்டதோ என்று சிலர் கருதினர். ஒரு தெருவில் குப்பைத் தொட்டிகள் நிரம்பி வழிவதைப் பார்த்து அங்கே துப்புரவு மும்முரமாக நடக்கிறது என்று சொல்லிவிட முடியாது. வண்டி வரவில்லை என்பதும் அதன் பொருளாகலாம். பைகளின் எண்ணிக்கையைவிட, அவை லைசோசோமைச் சென்றடைந்து உள்ளிருப்பவை செரித்து முடிகின்றனவா என்பதே முக்கியம். பெல்ஜியத்தின் லூவன் நகர ஆய்வாளர்கள் 2011இல் வெளியிட்ட ஆய்வில், நீண்ட தீவிர சிகிச்சைக்குப் பின் இறந்தோரின் கல்லீரலிலும் தசையிலும், அகற்றப்பட்டிருக்க வேண்டிய பி62உம் யுபிக்விட்டின் ஒட்டிய புரதங்களும் தேங்கிக் கிடந்தன. தசையாக இருந்தாலும் கல்லீரலாக இருந்தாலும் இந்தத் தேக்கம் துப்புரவு போதாமையையே சுட்டியது. எலிகளிலும் இதற்கு ஆதாரம் உண்டு: டி அணுக்கள் என்ற நோயெதிர்ப்பு வெள்ளணுக்களில் தன்னுண்ணல் மரபணு நீக்கப்பட்ட எலிகள் செப்சிஸில் கூடுதலாக இறக்கின்றன. ஆகவே மிகையாகத் தின்றதைவிடத் தொடங்கிய வேலை முடியாமல் நின்றதே பெரும்பாலும் கேடு செய்கிறது என்பது என் கருத்து.

கேள்வி: ஐசியூவில் என் மாமாவுக்கு முதல் சில நாள் மிகக் குறைவாகவே உணவு கொடுத்தார்கள். பட்டினி போட்டுவிட்டார்களே என்று வீட்டில் எல்லோருக்கும் கோபம்.

அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. நம் வீடுகளில் நோயாளிக்குச் சாப்பாடு கொடுப்பதே அன்பு. எனினும் இதில் வலுவான சான்று ஒன்று உண்டு. பெல்ஜியத்தில் 4,640 நோயாளிகளிடம் நடந்து 2011இல் வெளிவந்த ஆய்வில், குழாய்வழி உணவு போதாதபோது இரத்த நாளம் வழியே ஏற்றும் சத்தை முதல் 48 மணி நேரத்துக்குள் சேர்த்தவர்களைவிட, எட்டாம் நாள்வரை பொறுத்தவர்களுக்குப் புதுத் தொற்றுகள் குறைவாக இருந்தன. அவர்கள் விரைவில் தேறினர். இறப்பு விகிதத்தில் வேறுபாடு இல்லை. மிகுந்த ஊட்டமும் இன்சுலினும் எம்டார் என்ற புரதத்தைத் தூண்டி, தன்னுண்ணலை அடக்கிவிடுகின்றன. இது அந்த முடிவுக்குச் சொல்லப்படும் விளக்கங்களில் ஒன்று.

ஆனால் குறைவாகக் கொடுப்பது வேறு, பட்டினி வேறு. 63 நோயாளிகளிடம் செய்து 2013இல் வெளியான இன்னோர் ஆய்வில், தொடைத் தசையின் குறுக்குவெட்டுப் பரப்பு பத்தே நாளில் சராசரியாக 17.7 விழுக்காடு சுருங்கியது. தேறி எழுந்தவர் நடக்கத் தடுமாறுவது இதனால்தான். எனவே சில நாள் கழித்து உணவைப் படிப்படியாகக் கூட்டியே ஆக வேண்டும்.

கேள்வி: ராபமைசின் தன்னுண்ணலைத் தூண்டும் என்கிறார்களே, செப்சிஸுக்குக் கொடுக்கலாமா?

கூடாது. அது சிறுநீரக மாற்று செய்துகொண்டோருக்கு நோயெதிர்ப்பை அடக்கத் தரப்படும் மருந்து. தன்னுண்ணலை மட்டும், வேண்டிய உறுப்பில் மட்டும் தூண்டும் மருந்து இன்று சிகிச்சையில் இல்லை.

கேள்வி: ‘லங்கணம் பரம ஔஷதம்’ (பட்டினியே தலைசிறந்த மருந்து) என்பதால், சர்க்கரை நோயுள்ள என் அம்மா காய்ச்சல் வந்தால் இரண்டு நாள் எதுவும் உண்ணாமல் இருக்கிறார். தன்னுண்ணல் கூடினால் நல்லதுதானே?

தயவுசெய்து இதைத் தொடர விடாதீர்கள். யேல் பல்கலைக்கழகத்தின் 2016ஆம் ஆண்டு ஆய்வில், லிஸ்டீரியா தொற்றிய எலிகளுக்குக் குளுக்கோஸ் தந்தபோது அவை இறந்தன. இன்ஃப்ளுவென்சா தொற்றிய எலிகளுக்கோ அதுவே உயிர் காத்தது. எலிகளிலேயே கிருமிக்கு ஏற்ப விடை மாறும்போது, வீட்டில் இருந்தபடி எது நல்லது என்று முடிவு செய்ய வழியில்லை. பசியில்லாமல் ஒருவேளை கஞ்சியோடு நிறுத்துவதில் தவறில்லை. இரண்டு நாள் உண்ணாமல் இருப்பது சர்க்கரை நோயாளிக்கு ஆபத்து. இன்சுலின் அல்லது சில மாத்திரைகளால் சர்க்கரை மிகவும் தாழலாம். டாபாகிளிஃப்ளோசின் வகை மாத்திரை எடுப்பவருக்கு இரத்தத்தில் அமிலம் கூடலாம். எந்த மருந்தை நிறுத்துவது, எதைத் தொடர்வது என்பதைக் காய்ச்சல் வரும் முன்பே மருத்துவரிடம் கேட்டு எழுதி வைத்துக்கொள்ளுங்கள். மூச்சு வேகமாதல், பேச்சில் குழப்பம், சிறுநீர் குறைதல், கை கால் சில்லிட்டுத் தோல் திட்டுத் திட்டாக நிறம் மாறுதல் ஆகியவற்றில் எது தெரிந்தாலும் விடியும்வரை காத்திராமல் மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லுங்கள். கடைசியாக அவர் எப்போது சிறுநீர் கழித்தார் என்பதையும் நினைவில் வைத்துக்கொண்டு போங்கள், அதை நாங்கள் நிச்சயமாகக் கேட்போம்.