பார்த்துப் போ மச்சான்

கேள்வி: குடித்துவிட்டு வண்டி ஓட்டினால் 10,000 ரூபாய் அபராதம் என்று வந்தும் குறைந்தபாடில்லை. ஒரு லட்சம் ஆக்கினால்தான் இவர்கள் திருந்துவார்களா? அதே சமயம், என்னைப் போல எப்போதாவது இரண்டு லார்ஜோடு நிறுத்திக்கொண்டு நிதானமாக ஓட்டுகிறவனையும் மறித்து ஊதச் சொல்வது என்ன நியாயம்?
- ஒரு வாசகர், திண்டுக்கல்

பதில்: 'இவர்கள்' எப்போது திருந்துவார்கள் என்று ஆரம்பித்து, இரண்டே வரியில் அந்த வரிசையில் நீங்களே வந்து நின்றுவிட்டீர்கள். நம் சட்டப்படி 100 மி.லி. ரத்தத்தில் 30 மி.கி. ஆல்கஹால்தான் எல்லை. இரண்டு லார்ஜ் உள்ளே போனால் சராசரி உடம்புக்காரர் அதைப் போல இரண்டு மடங்கைச் சுலபமாகத் தாண்டுவார். நிதானமாகத்தான் ஓட்டுகிறேன் என்கிறீர்கள். நிதானம் இருக்கிறதா இல்லையா என்று பார்க்கிற புத்தியைத்தான் சரக்கு முதலில் காலி செய்யும், அப்புறம் எப்படி உங்கள் சாட்சியை நான் நம்புவது?

சரி, அபராதத்துக்கு வருவோம். 2019-ல் சட்டத்தைத் திருத்தி 2,000 ரூபாயை 10,000 ஆக்கினார்கள், தமிழ்நாட்டில் அது 2022 அக்டோபரில்தான் நடைமுறைக்கு வந்தது. என்ன ஆனது? பத்தாயிரத்தைக் கட்டி மீட்கிற அளவுக்கு மதிப்பில்லாத பழைய வண்டியை ஸ்டேஷன் வாசலிலேயே துருப்பிடிக்க விட்டுவிட்டுப் போகிறவர்கள் உண்டு. கட்டாதவர்களுக்கு போன் போட்டு ஞாபகப்படுத்த சென்னை போக்குவரத்து போலீஸ் கால் சென்டரே வைக்க வேண்டி வந்தது. தொகையை ஒரு லட்சம் ஆக்கினால் கோர்ட்டில் கட்டுகிறவர் குறைவார், ரோட்டிலேயே 'பார்த்துக் கவனிக்கிற' ரேட் கூடும்.

மனிதன் தண்டனையின் அளவைப் பார்த்து அவ்வளவாகப் பயப்படுவதில்லை, இன்று ராத்திரி மாட்டுவோமா என்பதைப் பார்த்துத்தான் பயப்படுகிறான். நம் 30 மி.கி. இங்கிலாந்தின் 80-ஐ விடக் கடுமையானது என்றால் நம்புவீர்களா? தாளில் நாம் எப்போதுமே கடுமைதான். ஸ்காட்லாந்தில் 2014 டிசம்பரில் 80-ஐ 50 ஆகக் குறைத்தார்கள், பிறகு ஆராய்ந்து பார்த்தபோது விபத்து குறைந்ததாகத் தெரியவில்லை. எல்லையை இறக்கியவர்கள் சோதனையைக் கூட்டவில்லை என்பதை ஒரு முக்கியக் காரணமாகச் சொன்னார்கள். இதற்கு நேர் எதிர் ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸ். 1982 டிசம்பரிலிருந்து அங்கே தள்ளாடுகிறவனை மட்டுமல்ல, நேராக, ஒழுங்காக ஓட்டி வருகிறவனையும் எந்த நேரத்திலும் நிறுத்தி ஊதச் சொல்லலாம். சாலைச் சாவுகள் நன்றாகவே குறைந்தன. உங்களை மறிப்பது என்ன நியாயம் என்றீர்களே, நியாயம் இதுதான்: தள்ளாடுகிறவனைக் கண்டுபிடிக்க மெஷின் வேண்டாம், உங்களைக் கண்டுபிடிக்கத்தான் வேண்டும்.

நம் ஊரில் சோதனை எப்படி நடக்கிறது? சனிக்கிழமை ராத்திரி, எல்லாருக்கும் தெரிந்த அதே பாலத்துக்குக் கீழே, அதே பேரிகேட். பத்து நிமிடத்தில் வாட்ஸ்அப் குரூப்பில் தகவல் வந்துவிடும், பக்கத்துச் சந்தில் வண்டிகள் திரும்பிவிடும். தப்பாதவர் கையில் போன் இருக்கிறது, போனில் ஒரு 'அண்ணன்' நம்பர் இருக்கிறது. விபத்தே நடந்தாலும் ஏட்டில் ஏறுவது பெரும்பாலும் 'அதிவேகம்'தான். 2022-ல் இந்திய சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் பத்துக்கு ஏழு பேர் அந்தக் கணக்கில் போய்விட்டார்கள், குடியின் பங்கு நூற்றுக்கு மூன்றுகூட இல்லை. அரசு மருத்துவமனை வாசலில் ஒரு ஞாயிறு ராத்திரி நின்றவர் யாராவது அதை நம்புவாரா? பத்து மணி வரை அரசாங்கமே விற்கிறது, கடை வாசலில் இருநூறு டூவீலர் வரிசையாக நிற்கிறது, அதற்குச் சொந்தக்காரர்கள் எப்படி வீட்டுக்குப் போவார்கள் என்று விற்றவரும் கேட்பதில்லை, பிடிக்கிறவரும் அங்கே வந்து நிற்பதில்லை.

ஆனால் பாதிப் பழி போலீஸுக்குத்தான். மீதி நமக்கு. நம் ஊரில் குடிப்பதற்கு வெட்கம் உண்டு, குடித்துவிட்டு ஓட்டுவதற்கு வெட்கமே கிடையாது. "எவ்வளவு அடிச்சாலும் ஸ்டெடியா ஓட்டுவான்" என்பது பாராட்டு. வீட்டுக்குத் தெரியாமல் குடித்தவன் மனைவிக்கு போன் போட்டு "வந்து கூட்டிட்டுப் போ" என்று சொல்ல முடியுமா? வண்டியை பார் வாசலில் விட்டுவிட்டு ஆட்டோ பிடித்தால் காலையில் மாமனாரே பார்த்துவிடலாம். ஆகவே ஒன்றும் நடக்காதது போல, வாயில் பாக்கைப் போட்டுக்கொண்டு, அவனே ஓட்டிக்கொண்டு வீடு போய்ச் சேர வேண்டும். குடியை மட்டும் ஒழுக்கக் கேடாகப் பார்த்துப் பார்த்து, ஆளைக் கொல்லுகிற பகுதியை நாமே மறைத்து அனுப்பி வைக்கிறோம்.

போன வருடம் ஒரு வரவேற்பு, மண்டபத்துக்குப் பின்னால் இருட்டில் வழக்கமான கூட்டம். ஒருவரால் சாவியை ஓட்டையில் சொருக முடியவில்லை, மூன்று முறை டேங்கிலேயே குத்தினார். ஒரு நண்பர் சாவியை வாங்கிப் போட்டுக் கொடுத்தார், இன்னொருவர் கிக்கரை உதைத்தார், மூன்றாமவர் ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு முதுகில் தட்டி "பார்த்துப் போ மச்சான்" என்றார். நான் ஐஸ்கிரீம் கப்போடு பக்கத்தில்தான் நின்றேன். வாயே திறக்கவில்லை, விருந்துக்கு வந்த இடத்தில் எதற்கு வம்பு என்று. அவர் பத்திரமாகப் போய்ச் சேர்ந்தார், அதனால் அந்த மூன்று பேரும் நானும் இன்றுவரை நல்லவர்கள்.

ஜப்பானில் 2006-ல் ஃபுகுவோகாவில் குடித்திருந்த ஒரு நகராட்சி ஊழியர் பின்னாலிருந்து மோதியதில் ஒரு குடும்பத்தின் கார் பாலத்திலிருந்து கடலில் விழுந்து மூன்று குழந்தைகள் இறந்தார்கள். மறு வருடமே சட்டத்தைத் திருத்தினார்கள்: ஓட்டப் போகிறவன் என்று தெரிந்து ஊற்றிக் கொடுத்தவர், வண்டியைக் கொடுத்தவர், தெரிந்தே கூட ஏறிப் போனவர், எல்லாருக்கும் தண்டனை. அங்கே குடித்தவரின் காரை அவரோடு வீட்டில் கொண்டுபோய் விடுவதே ஒரு தொழில், இரண்டு பேர் வருவார்கள், ஒருவர் உங்கள் காரை ஓட்ட, மற்றவர் தங்கள் காரில் பின்னால் வருவார். அதைக் கூப்பிடுவதில் யாருக்கும் கூச்சம் இல்லை. நம் மோட்டார் வாகனச் சட்டத்திலும் உடந்தைக்கு 188-வது பிரிவு இருக்கிறது, 2022-ல் சென்னை போலீஸ் அதைக் காட்டிப் பின்னால் உட்கார்ந்து வருகிறவருக்கும் அபராதம் என்று அறிவித்தது. உடனே எழுந்த கூக்குரல் என்ன? "அவன் குடிச்சதுக்கு நான் ஏன் கட்டணும்?"

உங்கள் இரண்டு லார்ஜுக்கு என்னிடம் ஆட்சேபணை இல்லை. வண்டி எங்கே நிற்கும் என்பதை மட்டும் முதல் லார்ஜுக்கு முன்னால் முடிவு செய்துவிட்டு, அடுத்த கேள்வியை அனுப்புங்கள்.