பிரசவ வலி ஆராய்ச்சியா, செல் சிகிச்சையா? தயங்கும் ஒரு தாய்க்குப் பதில்

அம்மா, பிரசவத்தின்போது உடல் என்ன உணர்கிறது என்பதை ஆராய வேண்டும் என்கிறாள் உங்கள் மகள். பார்க்கின்சன் நோய்க்கான செல் சிகிச்சைக்குத்தான் எதிர்காலம் இருக்கிறது, வலியைப் படித்து என்ன செய்யப்போகிறாள் என்று கேட்கிறீர்கள். உங்கள் கவலை நியாயமானது. ஆனாலும் நான் அவள் பக்கம்தான் பேசப்போகிறேன்.

பெண்களிடம் போய் "எவ்வளவு வலித்தது?" என்று கேட்டு எழுதிக்கொள்வதோடு முடிகிற துறையல்ல இது. சரியாகக் கேட்பதே பெரிய வேலை. உளவியலாளர் ரொனால்ட் மெல்சாக் 1975இல் வெளியிட்ட மெக்கில் கேள்வித்தாள், குத்துகிறதா, எரிகிறதா, களைப்பூட்டுகிறதா, அச்சமூட்டுகிறதா என்று வலியின் தன்மைகளைப் பிரித்துக் கேட்டது. மருத்துவப் பட்டம் இல்லாத ஒருவர் வலி ஆராய்ச்சியின் போக்கையே மாற்றினார் என்பதையும் கவனியுங்கள்.

கேட்பதைத் தாண்டி உடலுக்குள் போனால் இன்னும் ஆழம். கருப்பை வாய் விரியும் முதல் கட்டத்தில் வலி ஒரு நரம்புத் தொகுதி வழியாகவும், குழந்தை இறங்கும் இரண்டாம் கட்டத்தில் அதற்குக் கீழே உள்ள இன்னொரு தொகுதி வழியாகவும் தண்டுவடத்தை அடைகிறது. 2020இல் கேம்பிரிட்ஜ் ஆய்வாளர்கள், முதல் பிரசவத்தில் வலிநிவாரணி கேட்காத பெண்களைத் தேடிப் பிடித்தார்கள். அவர்களுக்குச் சூடும் அழுத்தமும் கொடுத்து, பனிநீரில் கையை வைக்கச் சொல்லிச் சோதித்தார்கள். சிலரிடம் கேசிஎன்ஜி4 என்ற மரபணுவில் அரிய மாற்றம் ஒன்று இருந்தது. அந்த மாற்றம் இருந்தால் வலி நரம்பு எளிதில் தூண்டப்படாது. பிரசவ அறையில் எழுந்த ஒரு கேள்விக்கான விடை, நரம்புச் செல்லின் சவ்வில் பொட்டாசியம் கடந்துபோகும் நுண்ணிய வாயிலில் கிடைத்தது. உங்கள் மகள் இந்த வழியில் போனாலும் செல் உயிரியலைக் கற்றே ஆக வேண்டும்.

இனி நீங்கள் சொல்லும் துறை. பார்க்கின்சன் நோயில், உடல் அசைவைச் சீராக வைக்கும் டோபமைன் என்ற வேதிப்பொருளைச் சுரக்கும் மூளைச் செல்கள் அழிகின்றன, அவற்றுக்குப் பதிலாகப் புதிய செல்களை வைக்கலாம் என்பது எண்ணம். சுவீடனின் லுண்ட் நகரில் 1987இலேயே மனிதக் கருவிலிருந்து எடுத்த திசுவை நோயாளியின் மூளைக்குள் வைத்துப் பார்த்தார்கள். 2001இல் அமெரிக்காவில் 40 பேரிடம் நடந்த சோதனையின் முடிவு வந்தது. பாதிப் பேருக்கு மண்டையோட்டில் துளை மட்டும் இட்டு, செல் எதுவும் வைக்கவில்லை. செல் பெற்றவர்களிலோ சிலருக்குக் கட்டுப்படாத அசைவுகள் வந்தன. ஜப்பானிய விஞ்ஞானி யமனாகா 2006இல் எலியின் சாதாரண செல்லை, எந்த வகைச் செல்லாகவும் வளரக்கூடிய குருத்தணு (ஸ்டெம் செல்) நிலைக்குத் திருப்பிய பிறகுதான் புதுப்பாதை திறந்தது. அந்தப் பாதையில் ஜப்பானின் கியோட்டோ பல்கலைக்கழகக் குழு 7 நோயாளிகளுக்குச் சிகிச்சை அளித்து, 2025இல் முடிவை வெளியிட்டது. பெரிய பாதுகாப்புப் பிரச்சினை எழவில்லை, சிலருக்கு அசைவு மேம்பட்டது. 1987 முதல் எண்ணினால் 38 ஆண்டுகள். இந்தப் பொறுமை உங்கள் மகளுக்கு மட்டுமல்ல, உங்களுக்கும் வேண்டும்.

எதற்காக அந்தத் துளை மட்டும் போட்ட சோதனை? குணமாகும் என்ற எதிர்பார்ப்பே பார்க்கின்சன் நோயாளியின் மூளையில் டோபமைனைச் சுரக்கவைக்கும். ஆகவே செல் வேலை செய்ததா, நம்பிக்கை வேலை செய்ததா என்று பிரித்தறியத் தெரிந்தவர் இல்லாமல் செல் சிகிச்சை ஒரு படிகூட நகராது. உணர்வை அளக்கப் பழகியவருக்கு அங்கேயும் இடம் உண்டு. அதனால்தான் அவள் தேர்வைப் பார்த்து எனக்குப் பயமில்லை.

எனக்குப் பயம் வேறு இடத்தில். "ஸ்டெம் செல் நிபுணர்" ஆக்குகிறோம் என்று சில வாரச் சான்றிதழ் விற்பவர்களிடம் பணம் கட்டிவிடாதீர்கள். நிரூபிக்கப்படாத ஊசியை விற்கும் கிளினிக்குகளில் வேலைக்கும் அனுப்பாதீர்கள். அந்தப் பெயர் பின்னாளில் நல்ல ஆய்வகங்களின் கதவை அடைத்துவிடும்.

விண்ணப்பிக்கும் முன் அவள் வழிகாட்டியிடம் மூன்று விஷயம் கேட்கட்டும்: முன்பு படித்தவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள், ஆய்வு நிதி இன்னும் எத்தனை ஆண்டுக்கு உறுதி, நோயாளிகளை நேரில் சந்திக்க விடுவார்களா. மூன்றாவதற்கு இல்லை என்று பதில் வந்தால், அவளுக்கு அந்த இடம் பொருந்தாது. கூடவே புள்ளியியலை இப்போதே கற்கத் தொடங்கட்டும். ஆராய்ச்சியிலிருந்து விலகினாலும், மருத்துவச் சோதனைகளை நடத்தும் நிறுவனங்களில் அது வேலை வாங்கித் தரும்.