இரண்டு பேர், ஓர் ஏரி, ஐம்பது பிராங்: சூரிச் கேள்வி பதில்

சூரிச்சில் எனக்கு இருபத்தாறு வருடம். அதில் பதினொரு வருடம் ஏரிக்கரை உணவகம் ஒன்றின் குசினியில் நின்றிருக்கிறேன். வெளியே முப்பத்தெட்டு பிராங்குக்குப் போகும் மீன் தட்டில் உள்ளே எவ்வளவு மீன் இருக்கிறது என்று எனக்குத் தெரியும். அதனால் இவரும் நானும் வெளியே போனால் மேசைக்குக் காசு கொடுப்பதில்லை. கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

வின்டர்தூர் தம்பி: அக்கா, ஒரு பெண்பிள்ளையை முதன்முதலாக வெளியே கூப்பிட்டிருக்கிறேன். கையில் ஐம்பது பிராங்தான். எங்கே போகலாம்?

ஐம்பது தாராளம் தம்பி. பின்னேரம் நாலு மணிக்கு பெல்வ்யூவில் சந்தியுங்கள். ஏரியை வலப்பக்கம் வைத்துக்கொண்டு கரையோடு நடந்தால் அரை மணியில் சூரிச்ஹோர்ன் வரும். முதல் சந்திப்புக்கு நடைதான் நல்லது. எதிரெதிரே உட்கார்ந்தால் கதை நின்றவுடன் இருவரும் போனைப் பார்ப்பீர்கள். நடக்கும்போது கதை நின்றால் பார்க்க அன்னம் இருக்கிறது, படகு இருக்கிறது, வெயில் தெளிந்த நாளில் ஏரியின் அந்தலையில் பனிமலை இருக்கிறது.

சூரிச்ஹோர்னில் பெரிய இரும்புச் சக்கரங்களும் குழாய்களும் சேர்ந்த ஓர் இயந்திரம் நிற்கும். ஜான் டாங்கலி என்ற சுவிஸ் சிற்பி 1964 லோசான் கண்காட்சிக்குச் செய்தது. ஏப்ரல் முதல் அக்டோபர் வரை குறித்த நேரத்தில் சில நிமிடம் ஓடும். கடகடவென்று எல்லாம் சுற்றும், ஒரு வேலையும் நடக்காது. பார்த்துச் சிரிக்காத ஆளை இரண்டாம் முறை கூப்பிட வேண்டாம். பக்கத்தில் சீனத் தோட்டம். சூரிச் தன் சகோதர நகரமான குன்மிங்குக்குத் தண்ணீர் வசதியில் உதவியதற்கு நன்றியாக அவர்கள் கட்டிக் கொடுத்தது.

திரும்பி வர லிம்மாட் படகு. ஆற்றுப் பாலங்கள் தாழ்வு என்பதால் படகும் தட்டையாக இருக்கும், பாலத்துக்குக் கீழே போகும்போது தலையைக் குனியத் தோன்றும். பிரதான ரெயில் நிலையத்துக்குப் பக்கத்திலேயே இறக்கி விடும். இதற்குத் தனி ரிக்கெற் தேவையில்லை, நகரக் கட்டண வலயமான 110க்கு உங்களிடம் இருக்கும் ட்ராம் ரிக்கெற்றே போதும். 24 மணி நேர ரிக்கெற் எடுங்கள், இரண்டு ஒருவழி ரிக்கெற்றின் விலைதான். நாலு மணிக்கு எடுத்தால் மறுநாள் நாலு மணி வரை செல்லும். நீங்கள் வின்டர்தூரிலிருந்து வருகிறீர்கள், அதனால் வலயத்தைப் பாருங்கள். உங்கள் ரிக்கெற் எந்தெந்த வலயத்துக்கு என்று பார்க்காமல் ஏறி, அந்தப் பிள்ளைக்கு முன்னால் தண்டம் கட்டாதீர்கள்.

நடக்கத் தொடங்கும் முன்பே பசித்தால் பெல்வ்யூவில் சுட்ட சென்காலன் சொசேஜும் ஒரு பாணும். பக்கத்தில் சென்காலன்காரர் நின்றால் கடுகு கேட்காதீர்கள், முகம் சுருங்கும்.

பெயர் சொல்லாதவர்: மலிவான, ரொமான்டிக்கான உணவகம் ஒன்று சொல்ல முடியுமா?

ஏரிக்கரையில் இல்லை. பச்சைத் தண்ணீருக்கே காசு எழுதும் மேசைகள் உண்டு. நகரத்தில் 1200க்கு மேல் குடிநீர் ஊற்றுகள் தெருத்தெருவாக ஓடிக்கொண்டிருக்கின்றன, ஒரு போத்தல் கொண்டுபோய் அதில் நிரப்புங்கள்.

சென்னையிலிருந்து வேலைக்கு வந்தவர்: மேடம், நானும் மனைவியும் நவம்பரில் வந்தோம். மூன்று வாரமாக வானமே தெரியவில்லை, ஒரே மூடுபனி. மனைவி ஊருக்குத் திரும்பலாம் என்கிறார். குளிர்காலத்தில் கையைக் கடிக்காமல் எங்கே கூட்டிப்போவது?

மேடம் வேண்டாம் சார், அக்கா போதும். உங்கள் மனைவிக்கு வந்திருப்பது இங்கே எல்லாருக்கும் முதல் நவம்பரில் வருவது. மருந்து ஊட்லிபெர்க் மலை. உயரம் 870 மீட்டரை ஒட்டித்தான், ஆனால் பல நாட்களில் மூடுபனி அதற்குக் கீழேயே நின்றுவிடும். குளிர்ந்த காற்று கனம் கூடியது, ஏரியும் ஊரும் இருக்கும் பள்ளத்தில் தேங்கிக்கொள்கிறது. மேலே ஏறினால் நீல வானம், வெயில், காலடியில் பால் ஊற்றி வைத்ததுபோல வெள்ளை, தூரத்தில் ஆல்ப்ஸ். ட்ராமில் 'ஊட்லிபெர்க் ஹெல்' என்று பலகை மாட்டுவார்கள், மேலே வெளிச்சம் என்று அர்த்தம். அதைக் கண்ட அன்றே போங்கள், நாளைக்கு என்று வைக்காதீர்கள்.

பிரதான நிலையத்திலிருந்து எஸ்10 ரெயின், அரை மணிக்குள் மேலே. கடைசி நிறுத்தத்திலிருந்து உச்சிக்குப் பத்து நிமிட நடை. ஃபிளாஸ்கில் டீ கொண்டு போங்கள். ஆனால் வலயம்: மலை உச்சி நகர வலயத்துக்கு வெளியே. 110 மட்டும் வைத்துக்கொண்டு ஏறும் புதியவர்களைப் பிடிக்கிறதற்கு இதைவிட நல்ல ரெயின் இல்லை. சூரிச்சில் ஒரு வருடமாவது இருக்கப் போகிறீர்கள் என்றால் ஹல்ப்டாக்ஸ் அட்டை எடுத்துவிடுங்கள், அநேகமாக எல்லாப் பயணமும் பாதி விலையாகும்.

இரகசியமாகக் கேட்பவர்: அக்கா, எங்கட ஆக்கள் காணாத இடம் வேண்டும். வீட்டில் இன்னும் சொல்லவில்லை.

இதுதான் கேள்வி! ரெயில் நிலையத்தில் பெரிய மணிக்கூட்டுக்குக் கீழே சந்திக்காதீர்கள். அங்கேதான் எல்லாரும் சந்திக்கிறார்கள், உங்கள் மாமாவும் உட்பட.

ஊட்லிபெர்க்கிலிருந்து ஃபெல்சனெக் வரை மலைமுகட்டோடு ஒரு நடைபாதை இருக்கிறது, கிரகங்களின் பாதை. சூரியக் குடும்பத்தை நூறு கோடியில் ஒரு பங்காகச் சுருக்கி வழி நெடுக வைத்திருக்கிறார்கள். நீங்கள் வைக்கும் ஒரு மீட்டர் அடி வானத்தில் பத்து இலட்சம் கிலோமீட்டர். சூரியன் ஆளுயரத்துக்குச் சற்றுக் குறைந்த உருண்டை. நூற்றைம்பது மீட்டர் நடந்தால் பூமி, ஒரு கொண்டைக்கடலை அளவு. அதற்குள்தான் உங்கள் மாமாவும் அவருடைய வாயும். செவ்வாய் வரை கிரகங்கள் சட்டுச்சட்டென்று வரும், வியாழனுக்குப் பிறகு நடந்துகொண்டே இருக்க வேண்டும். நெப்டியூனுக்கு நாலரை கிலோமீட்டர். அந்த வெறும் இடத்தில்தான் மனிதர் மனம்விட்டுக் கதைப்பார்கள். நானும் இவரும் கலியாணப் பேச்சை முடித்தது சனிக்கும் யுரேனஸுக்கும் நடுவில்.

மொத்தம் இரண்டு மணி நேரத்தை ஒட்டி, பெரிய ஏற்றம் இல்லை. ஃபெல்சனெக்கிலிருந்து கேபிள் காரில் இறங்கினால் அட்லிஸ்வில். அங்கேதான் கவனம். அட்லிஸ்வில்லில் முருகன் கோவில் இருப்பது உங்களுக்குத் தெரியும். வெள்ளி பின்னேரமோ திருவிழா நாளோ நீங்கள் இருவரும் சேர்ந்து அங்கே இறங்கினால், எஸ்4 ரெயின் நகரத்துக்குள் வருமுன் செய்தி பேர்ன் வரை போய்விடும். செவ்வாய் புதனில் போங்கள். கேபிள் காரும் அதே ரிக்கெற்தான், வலயம் சரியாக இருந்தால்.

ஊஸ்டர் தம்பி: சாப்பாடு வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு போகலாமா? புட்டும் கத்தரிக்காய்ப் பால்கறியும் எனக்கு நன்றாக வரும். நண்பர்கள் சிரிக்கிறார்கள்.

தாராளமாக. சமைக்கத் தெரிந்த பெடியனைக் கண்டால் எந்தப் பிள்ளையும் சிரிக்காது.

ஊர்டோர்ஃப் அக்கா: நான் ஒத்துக்கொள்ள மாட்டேன். முதல் நாளே டிபன் பெட்டியோடு வந்தால் கஞ்சன் என்றுதான் நினைப்பேன். ஒரு கோப்பியாவது வாங்கிக் கொடுக்க வேண்டாமா?

கோப்பி வாங்கிக் கொடுங்கள், யார் வேண்டாம் என்றது? ஆறு பிராங் கோப்பிக்கு அரை மணி. அந்தத் தம்பி கத்தரிக்காய்க்கு இரண்டு மணி நேரம் நின்றிருப்பார். எது கஞ்சத்தனம்?

ஊர்டோர்ஃப் அக்கா: மணம்! ரெயினில் கறியைத் திறந்தால் முழுப் பெட்டியும் திரும்பிப் பார்க்கும். நாங்கள் முப்பது வருடமாக இதற்குத்தான் வெட்கப்பட்டுக்கொண்டிருக்கிறோம்.

அக்கா, ரெயினில் சாப்பிடச் சொல்லவில்லையே, ஏரிக்கரைப் புல்லில். ஆனால் வெட்கம் என்கிறீர்கள், அதற்குப் பதில் சொல்ல வேண்டும். இந்த ஊரில் பாதிப் பேர் பாலாடைக்கட்டியை உருக்கி ஒரே சட்டியில் எல்லாரும் பாணைத் தோய்த்துச் சாப்பிடுகிறார்கள். அந்த மணம் உடுப்பில் மூன்று நாள் நிற்கும். அவர்கள் வெட்கப்படவில்லை, அதற்குப் பெயர் வைத்து விலையும் போட்டிருக்கிறார்கள். எங்கள் புட்டில் என்ன குறை?

ஓர்லிகோன் மாணவி: இருவரும் சண்டை பிடிக்காதீர்கள். என்னுடைய பக்கத்தையும் கேளுங்கள்: எனக்கு ஒருவர் இடியப்பம் கொண்டு வந்தார், அழுகையே வந்துவிட்டது. ஆனால் சொதி ஊற்றிக் கொண்டு வந்திருந்தார். மாவாகிவிட்டது.

சொதி தனிப் போத்தலில்! இதைக்கூடச் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கிறதா? ஊஸ்டர் தம்பி, குறித்துக்கொள்ளுங்கள்: பால்கறி வற்றலாக, புட்டு வாழையிலை இல்லாவிட்டால் துணியில், சம்பல் குறைவாக.

ஊர்டோர்ஃப் அக்கா: கோப்பி வாங்கிக் கொடுக்கத்தான் வேண்டும். நான் விடமாட்டேன்.

சரி, கோப்பி. அடுத்த கேள்வி.

மாணவர்: இலவசமாக ஏதாவது?

லிண்டன்ஹோஃப் மேடு, தரையில் பெரிய காய்களோடு சதுரங்கம். மீத்தன்கே கள்ளிச்செடிச் சேகரிப்பு. பல்கலைக்கழகத் தாவரவியல் தோட்டம். லாங்னாவ் அம் அல்பிஸில் லாங்கன்பெர்க் விலங்குப் பூங்கா, கரடி, ஓநாய் எல்லாம் பார்க்க நுழைவுக் கட்டணம் இல்லை. ஜூனில் ஓப்பரா மண்டபத்துக்கு முன்னால் திறந்தவெளித் திரையில் 'எல்லாருக்கும் ஓப்பரா' போட்டால் பாயும் பழமும் கொண்டு போங்கள்.

இன்னொரு மாணவர்: இலவச இடங்கள் சொல்லுங்கள்?

உங்களுக்கு மேலே இருப்பவரின் பதில்.

மூன்றாமவர்: அதிகம் செலவில்லாமல், கொஞ்சம் உயரத்திலிருந்து பார்க்க?

ஐந்து பிராங் இருந்தால் கிரோஸ்மூன்ஸ்டர் கோபுரம், 187 படி, இரவுச் சாப்பாடு முழுவதும் கரையும். அதுவும் வேண்டாம் என்றால் சென்ட்ராலிலிருந்து 1889ல் தொடங்கிய அந்தச் சிவப்புச் சின்ன ரெயினில் ஈ.டி.ஹெச். தொழில்நுட்பப் பல்கலைக்கழக மேடைக்குப் போங்கள். 110 ரிக்கெற் செல்லும். பார்த்தீர்களா, வலயம் சரியாக இருந்தால் எவ்வளவு வசதி.

அல்ட்ஸ்டெட்டன் தங்கச்சி: ஓபரர் லெட்டனில் ஆற்றில் நீந்தலாம் என்று அவர் கூப்பிடுகிறார். அம்மா லெட்டன் பக்கமே போகாதே என்கிறார். ஏன் என்று சொல்லவும் மாட்டார்.

அம்மா எந்த வருடம் வந்தார்? தொண்ணூறுகளின் தொடக்கம் என்றால் அவர் சொல்வது சரி. ரெயில் நிலையத்துக்குப் பின்னால் பிளாட்ஸ்பிட்ஸ் பூங்காவில் பட்டப்பகலில் ஊசி போட்டுக்கொண்டிருந்தார்கள். 1992ல் அதை மூடினார்கள், கூட்டம் பழைய லெட்டன் நிலையத்துக்கு நகர்ந்தது, 1995ல் அதையும் மூடினார்கள். வந்த புதிதில் அம்மாக்கள் கண்டது அது. இன்று அதே இடத்தில் கரை முழுக்கத் துவாய் விரித்து வெயில் காய்கிறார்கள், கட்டணம் இல்லை. அம்மாவை ஒருநாள் கூட்டிப்போய்க் காட்டுங்கள்.

நீச்சலில் ஒரு விசயம்தான். ஏரி அல்ல, ஓடும் தண்ணீர். வாய்க்கால் கீழே மின்நிலையத்துக்குப் போகிறது. கரையில் கம்பியைப் பிடித்து ஏறும் இடம் எது என்று முதலில் நடந்து பார்த்துவிட்டு, பிறகு குதியுங்கள். நீந்தத் தெரியாத காதலன் வீரம் காட்டினால் கரையில் உட்கார வையுங்கள். ஏரிக் குளியல் இடங்கள் எட்டு பிராங் அளவில், அங்கே தண்ணீர் அசையாது.

தீத்திகோன் அண்ணா: படகில் ஐந்து பிராங் கூடுதலாக வாங்குகிறார்களாமே?

பழைய கதை அண்ணா. 2016 டிசம்பரில் கொண்டு வந்தார்கள், சனம் படகேறுவதை விட்டது, இரண்டு வருடத்தில் எடுத்துவிட்டார்கள்.

லுசேர்ன் வாசகர்: லுசேர்னுக்கும் இப்படிச் சொல்லுங்களேன்?

அது என் ஏரி இல்லை. லுசேர்ன் ஆட்களைக் கேளுங்கள்.

பெயர் வேண்டாம்: அவருக்கு எஃப் என்ற தற்காலிக அனுமதி. கலியாணம் செய்தால் பி என்ற வதிவிட அனுமதி கிடைக்குமா?

இதை இங்கே கேட்க வேண்டாம் தங்கச்சி, மாகாணக் குடிவரவு அலுவலகத்திலோ சட்ட ஆலோசனை நிலையத்திலோ கேளுங்கள். ஆனால் கை இறுக்கமாக இருந்தால் காரித்தாஸ் தரும் குல்தூர்லேகி அட்டைக்கு இருவரும் விண்ணப்பியுங்கள். குறைந்த வருமானக்காரருக்கு அருங்காட்சியகம், நாடகம், நீச்சல் குளம் என்று பல இடங்களில் விலை குறையும்.

ராப்பர்ஸ்வில் பக்கம் போகப் போகிறவர்: மோதிரம் வாங்கிவிட்டேன். எங்கே கேட்கலாம்?

காசெல்லாம் மோதிரத்தில் போய்விட்டதா? நல்லது. வார இறுதியில் '9 மணி' நாள் ரிக்கெற் எடுங்கள். வாரநாளில் காலை ஒன்பதுக்குப் பிறகு, சனி ஞாயிறு நாள் முழுக்க, எல்லா வலயமும். என் வாழ்க்கையில் வலயம் பார்க்கத் தேவையில்லாத ஒரே ரிக்கெற் அது. பூர்க்லிபிளாட்ஸில் பெரிய படகேறி ஏரி முழுக்க ராப்பர்ஸ்வில் வரை இரண்டு மணி நேரம் போங்கள். திரும்ப ரெயின்.

அங்கே கோட்டையும் ரோசாத் தோட்டங்களும் இருக்கின்றன. ஆனால் நீங்கள் ஹூர்டனுக்குப் போகும் மரப்பாலத்துக்கு நடக்க வேண்டும். 841 மீட்டர், 2001ல் கட்டியது, இரண்டு பக்கமும் தண்ணீரும் நாணலும். மாலை வெயிலில் மரம் பொன்னாகும். ஆனால் மோதிரப் பெட்டியைப் பாலத்தில் திறக்காதீர்கள். கை நடுங்கும், கீழே ஏரி. நடந்து முடித்து ஹூர்டன் கரையில் கேளுங்கள். இல்லை என்று சொன்னால் திரும்பி வர 841 மீட்டர் சேர்ந்து நடக்க வேண்டும் என்பதையும் யோசித்து வையுங்கள்.

புதியவர்: மலிவான, ரொமான்டிக்கான உணவகம்?

திரும்பவும் அதே கேள்வி. இல்லை. ஞாயிற்றுக்கிழமை கடை பூட்டு என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன், சனிக்கிழமையே பாணும் பழமும் வாங்கி வையுங்கள். மறந்துபோனால் பிரதான நிலையத்திலும் ஸ்டாடல்ஹோஃபனிலும் திறந்திருக்கும்.

ஊஸ்டர் தம்பி: அக்கா, அவளிடம் கேட்டுவிட்டேன். புட்டு அவளே கொண்டு வருகிறாளாம், நான் அவித்தால் கட்டிபடும் என்கிறாள். நான் என்ன கொண்டு போவது?

பால்கறி. வெறும் போத்தல் ஒன்று, சூரிச்ஹோர்னில் ஊற்றில் நிரப்பலாம். துடைக்கக் கடதாசி. கோப்பிக்குப் பன்னிரண்டு பிராங் தனியாக, ஊர்டோர்ஃப் அக்கா பார்த்துக்கொண்டிருக்கிறார். ஊஸ்டரிலிருந்து வருகிறீர்கள், 110 மட்டும் போதாது.