குழந்தைகள் பாதுகாப்புப் பணியில் புதிதாகச் சேர்ந்திருக்கிறேன். வரும் தகவல்களை எப்படிக் கையாள வேண்டும்?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் இதே வேலையில் இருப்பவள் என்ற முறையில் சொல்கிறேன். சட்டத்தைப் பயிற்சியில் சொல்லித் தந்துவிடுவார்கள். போனை எடுத்ததும் என்ன கேட்பது என்பதைத்தான் யாரும் விலாவாரியாகச் சொல்வதில்லை.

1098 என்ற குழந்தைகள் உதவி எண் வழியாக, பள்ளியிலிருந்து, அங்கன்வாடியிலிருந்து, காவல் நிலையத்திலிருந்து தகவல் வரும். சில சமயம் பெயர் சொல்லாத ஒரு குரல் மட்டும் வரும். அதை மொட்டைப் புகார் என்று ஒதுக்கிவிடாதீர்கள். தலைமுறை தலைமுறையாக ஒரே தெருவில் பழகியவர்கள், பக்கத்து வீட்டைப் பற்றி வாய் திறப்பதே பெரிய காரியம்.

ஒரு முறை ஓர் ஆச்சி கூப்பிட்டு, "அந்தப் பிள்ளையைக் கொடுமைப்படுத்துறாக ஆத்தா" என்றார். "நீங்க என்ன பாத்தீங்க ஆச்சி?" என்று கேட்டேன். "நேத்துச் சாயங்காலம் பின்கட்டுல பாத்திரம் விளக்கிக்கிட்டு இருந்துச்சு. முழங்கைக்குக் கீழ சூடு பட்ட தடம். பத்து வயசுகூட இருக்காது." கொடுமை என்பது அவர் வந்த முடிவு. தடம் என்பது அவர் கண்ணால் கண்டது. இரண்டையும் அவர் சொன்ன வார்த்தைகளிலேயே தனித்தனியாக எழுதுங்கள். அப்புறம் கேளுங்கள்: பிள்ளை பள்ளிக்கூடம் போகிறதா, தாய் எங்கே, வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள், இன்று ராத்திரி பிள்ளை யாரோடு தூங்கும்? இன்றே கிளம்ப வேண்டுமா என்பதை முடிவு செய்யப் பெரும்பாலும் அந்தக் கடைசிக் கேள்வி ஒன்றே போதும்.

பாலியல் துன்புறுத்தல் என்று தெரிந்தால் யோசிக்க இடமே இல்லை. தெரிந்தும் சொல்லாமல் இருப்பதே, பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைக் காக்கும் போக்சோ சட்டப்படி குற்றம். உடனே காவல்துறைக்குப் போக வேண்டும். குழந்தைத் திருமணத் தகவல் முகூர்த்தத்துக்கு முந்தின நாள் மாலையில்கூட வரும். மாவட்ட சமூக நல அலுவலருக்கு அப்போதே சொல்லிவிடுங்கள்.

வீட்டுக்குப் போகும்போது ஜீப்பை வாசலில் நிறுத்தாதீர்கள், தெருவே கூடிவிடும். காதும் காதும் வைத்தாற்போல் போய்வர வேண்டும். எங்கள் பக்கத்துப் பெரிய வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடியும். உங்களை முகப்பில் உட்கார வைத்து, காபி கொடுத்து, மரியாதையாகப் பேசி அனுப்பிவிடுவார்கள். பிள்ளை அடுப்படியில் நிற்கும். அதைப் பார்க்காமல் திரும்பவே திரும்பாதீர்கள். 14 வயதுக்குக் கீழ் என்றால் வீட்டு வேலைக்கு வைத்திருப்பதே சட்டவிரோதம். "யார் சொன்னது?" என்பதுதான் முதலில் வரும் கேள்வி. "தகவல் வந்தது, பார்க்க வந்தோம்" என்பதோடு நிறுத்துங்கள். சொன்னவர் யார் என்பது வெளியே தெரிந்துவிட்டால் அந்தத் தெருவிலிருந்து இனி ஒருவரும் நம்மைக் கூப்பிட மாட்டார்கள்.

பிள்ளையிடம் ஒருவரே பேசுங்கள், பக்கத்தில் உட்கார்ந்து. போலீஸ், டாக்டர், நாம் என்று ஆளாளுக்கு நடந்ததைத் திரும்பத் திரும்பச் சொல்ல வைப்பது எனக்கு இன்றும் வயிற்றெரிச்சல். பிள்ளையை மீட்டால், பயண நேரம் போக 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழு முன் ஆஜர்படுத்த வேண்டும். பிள்ளை யாரிடம் இருக்க வேண்டும் என்பதை முடிவு செய்வது அந்தக் குழுதான். ஆனால் எல்லாப் பிள்ளையையும் குழந்தைகள் இல்லத்துக்கு அனுப்புவதல்ல நம் வேலை. சித்தியோ பாட்டியோ நல்லபடியாகப் பார்த்துக்கொள்வார்கள் என்றால் அதைக் குழுவிடம் எடுத்துச் சொல்லுங்கள். இல்லம் கடைசி வழி என்றுதான் 2015 சிறார் நீதிச் சட்டமும் சொல்கிறது.

ஒன்றும் இல்லை என்று ஒரு தகவலை முடித்தால் ஏன் முடித்தீர்கள் என்பதைக் காரணத்தோடு எழுதிவையுங்கள். புதுத் தகவல் வந்ததும் அதே வீட்டின் பெயர் பழைய பதிவேட்டில் இருக்கிறதா என்று தேடுங்கள். "பிள்ளை பள்ளிக்கு வருவதில்லை" என்று ஆசிரியர் சொன்னதும், "ராத்திரி அழுகைச் சத்தம்" என்று பக்கத்து வீட்டார் சொன்னதும் தனித்தனியாகப் பார்த்தால் சாதாரணமாகத்தான் தெரியும். இரண்டையும் ஒரே கோப்பில் வைத்துப் பார்த்தால், அன்றைக்கே வண்டி எடுக்கத் தோன்றும்.