அம்மா எழுதி வைத்த பட்டியல்

அன்புள்ள அக்கா,

வேலை, இரண்டு குழந்தைகள், வீடு என்று நாள் ஓடிவிடுகிறது. அப்பா அம்மா வேறு ஊரில். ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் அவர்களுக்கு என்று ஒதுக்கினேன், பாதி வாரம் அதுவும் தவறுகிறது. நெருங்கிய தோழியின் அப்பா எட்டு மாதத்துக்கு முன் இறந்தார். போகவும் முடியவில்லை, போனும் செய்யவில்லை. இனி எந்த முகத்தோடு பேசுவது? நேரத்தை எப்படித் திட்டமிடுவது? வீடியோ காலில் பேசினால்தான் நெருக்கம் இருக்குமா? இல்லை, இந்த ஓட்டத்தில் எல்லாம் இப்படித்தான் என்று விட்டுவிடுவதா?

எம்.

அன்புள்ள எம்.,

நேரத்தைத் திட்டமிடச் சொல்லித்தர ஆயிரம் பேர் இருக்கிறார்கள், நான் வேண்டாம். வீடியோ தேவையில்லை, குரல் போதும். அமித் குமார், நிக்கோலஸ் எப்லி இருவரும் 2021இல் வெளியிட்ட ஆய்வில், எழுத்தில் உரையாடியவர்களைவிடக் குரலில் பேசியவர்கள் அதிக நெருக்கத்தை உணர்ந்தார்கள். முகம் தெரிந்ததால் அதற்கு மேல் பெரிதாக ஒன்றும் கூடவில்லை.

என்னை உறுத்துவது அந்த ஒரு மணி நேரம்தான். கொஞ்ச நாளாகவே மனதில் ஓடிக்கொண்டிருக்கும் விஷயம் இது.

என் தங்கை நர்ஸ். ஷிஃப்ட் முடிந்து பஸ் நிறுத்தத்துக்கு நடக்கிற வழியில் அம்மாவைக் கூப்பிடுவாள். புதுச் செருப்பு கடிக்கிறது, வார்டில் ஒரு தாத்தா ஊசி என்றாலே கண்ணை இறுக்கி மூடிக்கொள்கிறார், இப்படி ஏதாவது. பஸ் வந்ததும் பாதி வாக்கியத்தில் "வெச்சிடறேம்மா" என்பாள். அண்ணன் வேறு மாதிரி. மாதம் ஒருமுறை, எல்லா வேலையையும் ஒதுக்கிவிட்டு, சாவகாசமாக ஒரு மணி நேரம் பேசுவார். பாசத்தில் குறை சொல்ல முடியாது. ஒருநாள் போனுக்குப் பக்கத்தில் கிடந்த பழைய கரண்ட் பில்லைத் திருப்பிப் பார்த்தேன். அம்மாவின் கையெழுத்து. அண்ணனிடம் பேச வேண்டியவை: மாடி ஒழுகுவது, பேரன் பரீட்சை, கண் டாக்டர். நாலாவதாகக் கால் வலி. அதன் பக்கத்தில், 'சொல்ல வேண்டாம்'.

தங்கையிடமும் அம்மா அதைச் சொல்லவில்லை. ஆனால் போனை எடுக்க வழக்கத்தைவிட நேரமாகிறது என்று கவனித்து, "என்னம்மா, கால் வலிக்குதா?" என்று அவளே கேட்டுவிட்டாள்.

நாள் கணக்கில் இடைவெளி விட்டால் பெரிய செய்திகள்தான் மிஞ்சும். செருப்புக் கடியை யார் ஒரு மாதம் ஞாபகம் வைத்துச் சொல்வார்கள்? ஒரு மணி நேரம் ஒதுக்கிப் பேசுகிறவரிடம் அற்ப விஷயம் பேசவும் கூச்சமாக இருக்கும். அவர் நேரம் வீணாகக் கூடாதே! இரண்டு பக்கமும் பொறுக்கியெடுத்துப் பேசத் தொடங்கிவிடுவார்கள். அப்புறம் அந்த ஒரு மணி நேரமே பாரமாகி, அடுத்த வாரம் பார்க்கலாம் என்று தள்ளிப்போகும். உங்களுக்கு நடப்பது இதுதான். நேரமில்லாமல் அல்ல, நிறைய நேரம் கிடைக்கட்டும் என்று காத்திருந்தே பேசாமல் இருக்கிறீர்கள். துணி மடிக்கும்போது பேசுங்கள். பேச விஷயமே இல்லாதபோது பேசுங்கள்.

எத்தனை பேரிடம் இப்படிப் பேசுவது என்று மலைக்க வேண்டாம். மனிதருக்கு மிக நெருங்கிய வட்டத்தில் சுமார் 5 பேர்தான் இருப்பார்கள் என்கிறார் பரிணாம உளவியல் ஆய்வாளர் ராபின் டன்பார். அந்த 5 பேருக்கு நேரமில்லை என்று என்னிடம் சொல்லாதீர்கள்.

விட்டுவிடுவதா என்று கேட்டீர்களே, அதைப் படித்தபோது கோபம்தான் வந்தது. எட்டு மாதம்! அப்பாவை இழந்தவள் அங்கே இருக்கிறாள், நீங்கள் இங்கே உங்கள் முகத்தைப் பற்றிக் கவலைப்படுகிறீர்கள். இன்னும் ஒரு மாதம் போனால் கூச்சம் இரட்டிப்பாகும், அவ்வளவுதான். 2022இல் பெக்கி லியூ என்பவரும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வு ஒன்று உண்டு. விசாரித்து வரும் ஒரு சொல்லை எதிரே இருப்பவர் எவ்வளவு மதிக்கிறார் என்பதை விசாரிப்பவர் குறைத்தே மதிப்பிடுகிறாராம். எதிர்பாராமல் வந்தால் மதிப்பு இன்னும் கூடுகிறது.

இன்றைக்கே கூப்பிடுங்கள். உங்கள் வேலைப்பளுவைப் பத்து நிமிஷம் விளக்காதீர்கள், அப்புறம் அவள்தான் உங்களைத் தேற்ற வேண்டியிருக்கும். தாமதமாகிவிட்டது என்று ஒரே வாக்கியம், சரி, போதும். பிறகு அவள் அப்பாவைப் பற்றிக் கேளுங்கள். கடைசி நாட்கள் எப்படி இருந்தன, அம்மா இப்போது யாரோடு இருக்கிறார் என்று கேளுங்கள். திட்டினால் திட்டட்டும். அழுதால், பேச்சை மாற்றாமல் கூட இருங்கள்.