மாத்திரை போட்ட நேரம்

கேள்வி: என் கணவருக்கு வயது 49. விசைத்தறி ஓட்டுகிறார். இரண்டு வருடமாக வலது கை நடுங்கிக்கொண்டிருந்தது. போன மாதம் நரம்பு டாக்டர் பார்க்கின்சன் என்று சொல்லிவிட்டார். அறுந்த இழையை எடுத்து முடிச்சுப் போடவே முடியவில்லை. அரசாங்க உதவி கேட்கலாம் என்றால், “நன்றாக நடக்கிற ஆளுக்கு யார் கொடுப்பார்கள்?” என்கிறார்கள் பக்கத்து வீட்டில். எந்த ஆபீஸுக்கு முதலில் போகவேண்டும்?
— வாசகி, குமாரபாளையம்

பதில்: பக்கத்து வீட்டுக்காரர் சொன்னது பழைய கதை, தங்கச்சி. 1995-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ஏழு வகைக் குறைபாடுதான் இருந்தது. 2016-இல் வந்த மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் அது 21 ஆனது. பார்க்கின்சன் அதில் பெயரோடு இருக்கிறது. அரசாங்கக் காகிதங்களில் ‘நடுக்குவாதம்’ என்றும் எழுதியிருப்பார்கள். வேறு நோய் என்று பயந்துவிடாதீர்கள்.

ஆனால் நோயின் பெயர் மட்டும் போதாது. குறைபாடு எத்தனை சதவீதம் என்று மருத்துவர் மதிப்பிட்டு எழுதிய மாற்றுத்திறனாளி சான்று வேண்டும். குறைந்தது 40 சதவீதம் என்று எழுதினால்தான் முக்கியமான உதவிகளுக்குக் கதவு திறக்கும். எங்கள் வீட்டில் நாங்கள் சறுக்கியது அங்கேதான்.

என் அண்ணனுக்கும் இதே நோய். மதிப்பீட்டுக்கு வரச்சொன்ன அன்று அண்ணி காலை ஒன்பதரைக்கு இட்லி கொடுத்து, மாத்திரையும் கொடுத்து அழைத்து வந்தார். பத்தரைக்கு டாக்டர் முன்னால் போய் நின்றோம். “சட்டை பட்டனைப் போடுங்க” என்றார். அண்ணன் மேலிருந்து கீழே வரைக்கும் மாப்பிள்ளை மாதிரி போட்டு முடித்தார்! எனக்கே ஆச்சரியம். முந்தின நாள் சாயங்காலம் அதே ஆளுக்குச் செருப்பு மாட்டிவிட்டது நான். டாக்டர் 30 சதவீதம் எழுதினார். அவரைக் குறை சொல்ல முடியாது. கண்ணால் பார்த்ததை எழுதினார்.

இந்த மாத்திரையின் குணம் அப்படி. போட்டுக் கொஞ்ச நேரத்தில் கை கால் சொன்னபடி கேட்கும். வேகம் இறங்கியதும் ஆள் கட்டிப்போட்ட மாதிரி ஆகிவிடுவார். அதற்காக அன்றைக்கு மாத்திரையை நிறுத்திவிட்டுக் கூட்டிப்போகலாம் என்று யாராவது யோசனை சொன்னால் கேட்காதீர்கள், அது ஆபத்து. மாத்திரை போட்ட நேரத்தை டாக்டரிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். இரண்டாவது தடவை நாங்கள் அதைத்தான் செய்தோம். அண்ணி ஒரு நாற்பது பக்க நோட்டில் இரண்டு வாரத்துக்கு எழுதி வைத்தார்: ஆறு மணி மாத்திரை, ஏழு முதல் ஒன்பதரை வரை நன்றாக இருந்தார், பத்துக்குக் குளியலறையில் கால் தரையோடு ஒட்டிக்கொண்டது, பன்னிரண்டுக்கு டம்ளர் பிடிக்கவில்லை. அதைப் பார்த்து நரம்பு டாக்டர் ஒரு கடிதம் கொடுத்தார். 50 சதவீதம் வந்தது. சான்றில் போட்ட அளவு ஏற்கமுடியாது என்றால் மேல்முறையீடு செய்ய அந்தச் சட்டத்தின் 59-ஆம் பிரிவு இடம் கொடுக்கிறது. எங்களுக்கு அது தெரியவே நான்கு மாதம் ஆனது. இத்தனைக்கும் நான் 31 வருடம் தாலுகா ஆபீஸில் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்தவன்.

சரி, எந்த ஆபீஸ்? நாமக்கல் கலெக்டர் ஆபீஸில் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகம் இருக்கிறது. மருத்துவ மதிப்பீடு எந்தக் கிழமை, எங்கே என்று முதலில் அங்கே கேளுங்கள். ஆதார், ரேஷன் கார்டு, புகைப்படம், டாக்டர் சீட்டுகள், ஸ்கேன் எல்லாவற்றிலும் இரண்டு நகல். யூடிஐடி என்கிற தனித்துவ அடையாள அட்டைக்கு ஆன்லைனிலேயே பதியலாம், இ-சேவை மையத்தில் கேட்டால் செய்து தருவார்கள்.

40 சதவீதம் வந்துவிட்டால் மாதப் பணம். இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். தாலுகா ஆபீஸில் சமூகப் பாதுகாப்புத் திட்டத்தில் கொடுக்கும் மாற்றுத்திறனாளி ஓய்வூதியம் ஒன்று. 2023 ஜனவரியில் அதை 1,500 ரூபாய் ஆக்கினார்கள். நல அலுவலகம் கொடுக்கும் பராமரிப்பு உதவித்தொகை இன்னொன்று, அது 2,000. இரண்டில் ஒன்றுதான் வாங்க முடியும். இந்த 2,000 பொதுவாக 75 சதவீதத்துக்கு மேல் பாதிக்கப்பட்டவர்களுக்கு. ஆனால் நடுக்குவாதம், தண்டுவட மரப்பு நோய் போன்ற சிலவற்றுக்கு 40 சதவீதமே போதும். இது தெரியாமல் 1,500-க்கு மனு கொடுத்துவிட்டுத் திரும்பியவர்களைப் பார்த்திருக்கிறேன். நீங்கள் நேராக நல அலுவலகத்துக்கே போங்கள்.

முதலமைச்சரின் காப்பீட்டு அட்டை இல்லையென்றால், சதவீதத்துக்காகக் காத்திருக்காமல் இப்போதே வாங்குங்கள். அதற்கும் ஊனத்துக்கும் சம்பந்தமில்லை. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்று விஏஓ சான்று, ரேஷன் கார்டு, ஆதார் இருந்தால் போதும். குடும்பத்துக்கு வருடத்துக்கு 5 லட்சம் வரை. ஆனால் அது பட்டியலில் உள்ள சிகிச்சைகளுக்கு. மாதாமாதம் வாங்குகிற மாத்திரைச் செலவுக்கு அல்ல. மாத்திரைக்கு அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் நரம்பியல் பிரிவுதான் வழி.

அப்புறம், “எல்லாம் நான் முடித்துத் தருகிறேன், ஐயாயிரம் கொடுங்கள்” என்று கலெக்டர் ஆபீஸ் டீக்கடைப் பக்கம் ஒருவர் வருவார். டீயோடு நிறுத்திக்கொள்ளுங்கள்.

கேள்வி: அப்பாவுக்குத் தொண்டையில் புற்றுநோய். குரல்வளையை எடுத்துவிட்டார்கள். புற்றுநோய்க்கு மாற்றுத்திறனாளி சான்று கிடையாது என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். சரிதானா?
— வாசகர், திருத்துறைப்பூண்டி

பதில்: பாதி சரி, தம்பி. மேலே சொன்ன 2016 சட்டத்தின் 21 குறைபாடுகளில் புற்றுநோய் இல்லை. ஆனால் பேச்சுக் குறைபாடு இருக்கிறது. குரல்வளை நீக்கத்தால் வரும் நிரந்தரக் குறைபாட்டைச் சட்டமே எடுத்துக்காட்டாகச் சொல்கிறது. ‘புற்றுநோய்க்குச் சான்று’ என்று கேட்காதீர்கள். ‘பேச்சுக் குறைபாட்டுக்குச் சான்று’ என்று கேளுங்கள், அறுவை சிகிச்சைக் குறிப்பை மேலே வைத்து.

சிகிச்சைக்கு ரயிலில் போவதானால் மருத்துவமனையில் சலுகைப் படிவம் வாங்கிக்கொள்ளுங்கள். ஸ்லீப்பரிலும் மூன்றடுக்கு ஏசியிலும் புற்றுநோயாளிக்கு முழுக் கட்டணமும் தள்ளுபடி, துணைக்குப் போகிறவருக்கு 75 சதவீதம்.

கேள்வி: பார்க்கின்சன் உள்ள என் அம்மாவின் கையெழுத்து எறும்பு மாதிரி சிறுத்துவிட்டது. பழைய கையெழுத்தோடு பொருந்தவில்லை என்று வங்கியில் உதவித்தொகையை எடுக்க விடவில்லை.
— வாசகி, கோவில்பட்டி

பதில்: எழுத்து சிறுப்பதும் இந்த நோயின் அடையாளம்தான். கையெழுத்துப் போட முடியாத நோயாளிகளிடம் வங்கி கைரேகை வாங்கிப் பணம் கொடுக்கலாம். இரண்டு சாட்சிகள் வேண்டும், அதில் ஒருவர் வங்கியின் பொறுப்பான அலுவலராக இருக்கவேண்டும். இது ரிசர்வ் வங்கி சொன்ன வழி. மேலாளரிடம் டாக்டர் சீட்டின் நகலோடு எழுத்தில் கேளுங்கள். மனுவிலும் அம்மாவின் கைரேகையையே வையுங்கள்.