கடலோரத்துப் பழைய கல்லறைத் தோட்டத்தைச் சீரமைப்பது எப்படி?

கீழக்கரைப் பக்கம் உங்கள் ஊர்ப் பழைய கல்லறைத் தோட்டத்தைச் சீராக்கி, மக்கள் வந்து உட்காரும் இடமாக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாக. ஆனால் முதலில் சிமெண்ட் மூட்டையைத் தூர வையுங்கள்.

நம் கடற்கரையில் பழைய கட்டுமானம் பெரும்பாலும் பவளக்கல்லும் சுண்ணாம்புச் சாந்தும்தான். 1964 புயலுக்குப் பிறகும் நிற்கிற தனுஷ்கோடி தேவாலயச் சுவரைப் பார்த்தாலே தெரியும். சுண்ணாம்பு ஈரத்தை வெளியே விடும். சிமெண்ட் பூசினால் ஈரம் கல்லுக்குள் சிக்கி, உப்பு படிகமாகி, கல்லே பொரிந்து உதிரும். எழுத்துள்ள கல்லில் ஆசிட், கம்பி பிரஷ் கூடவே கூடாது. நல்ல தண்ணீரும் மெல்லிய பிரஷும் போதும்.

சீமைக்கருவேலத்தை ஜேசிபி வைத்துப் பிடுங்கத் தோன்றும் (எல்லாருக்கும் தோன்றும்!). வேரோடு கல்லறையும் வந்துவிடும். அடியோடு வெட்டி, துளிர்க்கத் துளிர்க்க ஒடியுங்கள்.

பெஞ்சும் நடைபாதையும் ஜமாத்தோ, தேவாலயப் பங்கோ, குடும்பத்தாரோ சம்மதித்த பிறகு, குழிகள் இல்லாத ஓரமாக.